முகத்துக்கு நேரே

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் நியூ ஹாம்ப்ஷயர் என்று ஒரு சிறிய மாநிலம். அதன் தலைநகரான கான்கார்டில், மாநிலச் செயலர் அலுவலகத்துக்குப் போய் ஆயிரம் டாலர் கட்டி, ஒரு படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டால் போதும். அதிபராகும் தகுதியுள்ள எவர் பெயரும் அம்மாநிலத்தின் 'பிரைமரி' வாக்குச்சீட்டில் ஏறிவிடும். கட்சித் தலைமையின் சம்மதம் வேண்டாம், சிபாரிசுக் கடிதம் வேண்டாம். தங்கள் கட்சியின் வேட்பாளர் யார் என்பதைச் சாதாரண வாக்காளர்களே மாநிலம் மாநிலமாக ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் ஏற்பாடு இது. பதவியில் இருக்கும் அதிபரும் மறுமுறை நிற்க விரும்பினால் இந்த வாசல் வழியாகத்தான் வர வேண்டும். சட்டப்படி பார்த்தால், சொந்தக் கட்சி அதிபரை எதிர்த்து நிற்பது அவ்வளவு சுலபம்.

ஆனாலும் பெயர் சொல்லத்தக்க யாரும் பெரும்பாலும் நிற்பதில்லை. மக்களால் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, மறுபடியும் நிற்க ஆசைப்பட்ட ஒருவருக்கு அவருடைய கட்சியே கதவடைத்தது 1856-இல் ஃபிராங்க்ளின் பியர்ஸுக்கு மட்டும்தான். ஆகவே எதிர்த்து நிற்பவர் தோற்பார் என்பது அநேகமாக நிச்சயம். தோற்ற பிறகு கட்சியில் அவருக்கு எதிர்காலம் இருக்காது என்பதும் ஏறக்குறைய நிச்சயம். இது தெரிந்தும் ஒருவர் ஏன் நிற்க வேண்டும்? நிற்பது சரியா? கட்சியால் வளர்ந்தவன் கட்சித் தலைவரை ஊரறிய மறுப்பது நன்றிகெட்ட செயல் ஆகாதா? இந்தக் கேள்விகளை அமெரிக்க அரசியலின் உள்விவகாரம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. ஒரு மனிதன் தன்னை வளர்த்த இடத்துக்கு எதைக் கடன்பட்டிருக்கிறான் என்பதுதான் இதற்குள் இருக்கும் கேள்வி.

2023 அக்டோபர் 27 அன்று அந்த ஆயிரம் டாலரைக் கட்டியவர் டீன் ஃபிலிப்ஸ். மினசோட்டா மாநிலத்திலிருந்து பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், ஜனநாயகக் கட்சிக்காரர். அதிபர் ஜோ பைடனுக்கு அப்போது 81 வயது நிறைய ஒரு மாதம்கூட இல்லை. இரண்டாம் முறையும் வென்று பதவிக்காலத்தை முடிக்கும்போது 86 ஆகியிருக்கும். பைடன் நல்லவர், நல்ல அதிபர், அவர் கொண்டுவந்த சட்டங்களுக்கு நானும் கைதூக்கியிருக்கிறேன், ஆனால் இந்த வயதில் இவரை நிறுத்தினால் தோற்போம் என்பதுதான் ஃபிலிப்ஸ் சொன்னதன் சாரம். தாம்தான் நிற்க வேண்டும் என்று அவர் தொடங்கவில்லை. கட்சியில் தம்மைவிடப் பெரிய தலைவர்கள் யாராவது முன்வாருங்கள் என்று முதலில் வெளிப்படையாகக் கேட்டுப் பார்த்தார். ஒருவரும் வரவில்லை. சபையில் கட்சி தமக்குத் தந்திருந்த பொறுப்பைத் துறந்துவிட்டுத் தாமே வந்தார். அடுத்த மாதமே, தம் தொகுதியில் மறுபடி நிற்கப்போவதில்லை என்றும் அறிவித்தார்.

2024 ஜனவரி 23 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் அவருக்குக் கிடைத்தது சுமார் 20 சதவீதம். அந்த வாக்குச்சீட்டில் பைடன் பெயரே இல்லை. வாக்காளர்கள் கையால் எழுதிப் போட்டும் பைடன் 60 சதவீதத்தைத் தாண்டினார். மார்ச் தொடக்கத்தில் சொந்த மாநிலமான மினசோட்டாவிலும் ஃபிலிப்ஸ் மோசமாகத் தோற்றார். மறுநாளே போட்டியிலிருந்து விலகினார். விலகிய அதே நாளில் பைடனுக்கு ஆதரவு தெரிவித்தார். ஜூன் 27 இரவு அட்லாண்டாவில் டிரம்ப்புடன் நடந்த விவாதத்தில் பைடன் தடுமாறியதை நாடே பார்த்தது. ஜூலை 21 அன்று பைடன் ஒதுங்கினார். கமலா ஹாரிஸுக்கு எஞ்சியிருந்தது மூன்றரை மாதம்.

ஃபிலிப்ஸ் பெரிய தலைவர் அல்லர். அவருடைய பிரச்சாரத்தில் வயதைத் தாண்டி வலுவான விஷயம் அதிகம் இருந்தது என்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் ஒருவர் மேடையேறிச் சொன்னதைக் கட்சியின் பல பெரியவர்கள் தனி அறைகளில் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது ஜூன் 27-க்குப் பிறகு வெளிவந்துவிட்டது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எதிராளி டிரம்ப், நாம் சண்டையிட்டால் அவருக்கு லாபம், அதிபரை நோகடிக்க வேண்டாம், நேரம் வரும்போது அவரே புரிந்துகொள்வார். ஒவ்வொன்றும் நியாயமான நினைப்புத்தான். அத்தனை நியாயங்களும் சேர்ந்து ஒரு கட்சியை வாய் மூடவைத்தன. முதலாளிக்குக் கணக்கில் பிடி தளர்ந்துவிட்டது என்று கடைச் சிப்பந்திகள் தங்களுக்குள் பேசிக்கொண்டே இருப்பார்கள். அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் ஆளுக்கொரு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்த மௌனத்தை மரியாதை என்று முதலாளியும் நம்புவார், அவர்களும் நம்புவார்கள்.

ஃபிலிப்ஸின் மினசோட்டாவுக்கு இதில் ஒரு பழைய கதை உண்டு. 1968-இல் தம் கட்சி அதிபரை எதிர்த்து நின்ற யூஜின் மெக்கார்த்தி அந்த மாநிலத்துச் செனட்டர். அதே அதிபருக்கு விசுவாசமாக நின்று தேய்ந்துபோன துணை அதிபர் ஹூபர்ட் ஹம்ஃப்ரியும் அந்த மாநிலத்தவர். இருவரும் ஒரே கட்சி. அதிபர் லிண்டன் ஜான்சன். வியட்நாமில் ஐந்து லட்சம் அமெரிக்கப் படையினர் இருந்த காலம்.

1967-இல் ஆலர்ட் லோவன்ஸ்டீன் என்ற ஜனநாயகக் கட்சி செயல்வீரர், ஜான்சனை எதிர்த்து நிற்க ஓர் ஆள் தேடி அலைந்தார். முதலில் ராபர்ட் கென்னடியைக் கேட்டார். கென்னடி போரை எதிர்த்தவர்தான். ஆனால் தாம் நின்றால் ஜான்சன் மேல் உள்ள தனிப்பட்ட பகை என்றுதான் ஊர் பேசும், கட்சி உடையும் என்று மறுத்துவிட்டார். ஜார்ஜ் மெகவர்னுக்குத் தம் செனட் தேர்தல் கண்முன் நின்றது. கடைசியில் மெக்கார்த்தி சரி என்றார். நவம்பர் 30 அன்று அறிவித்தார். அவருடைய மனமும் முழுக்கத் தூய்மை என்று சொல்வதற்கில்லை. 1964-இல் துணை அதிபர் பதவிக்கு மெக்கார்த்தியா ஹம்ஃப்ரியா என்று ஜான்சன் கடைசிவரை இருவரையும் ஊசலாட விட்டிருந்தார். அந்தக் காயம் ஆறவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். காயமே இல்லாத ஒருவர் வந்துதான் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தால் உண்மை ஒருநாளும் வெளியே வராது.

நியூ ஹாம்ப்ஷயரில் அந்தக் குளிர்காலத்தில் நடந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு காட்சிகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன. ஒன்று, மெக்கார்த்திக்காக வந்த கல்லூரி மாணவர்கள். போரை வெறுத்தவர்கள், நீண்ட முடியும் தாடியுமாகத் திரிந்தவர்கள். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டுமானால் கதவைத் திறக்கும் மூதாட்டி மிரளக் கூடாது என்று முடியை வெட்டினார்கள், தாடியை மழித்தார்கள், கோட்டும் டையும் போட்டுக்கொண்டார்கள். தாடியை விட மனமில்லாதவர்கள் பின்னறை வேலைகளுக்குப் போனார்கள். கொள்கையில் அணுவளவும் விட்டுக்கொடுக்காமல், எதிரே நிற்பவரின் மனத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்த இளைஞர்களை அரசியலில் அடிக்கடி பார்க்க முடியாது.

இன்னொன்று, ஜான்சன் தரப்பு அச்சடித்து விநியோகித்த உறுதிமொழி அட்டை. ஜான்சன் பெயர் வாக்குச்சீட்டில் இல்லாததால், அவர் பெயரைக் கையால் எழுதுவேன் என்று கட்சிக்காரர்கள் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அட்டைகளில் வரிசை எண் உண்டு. கிழித்தால் மூன்று துண்டு: ஒன்று வாக்காளரிடம், ஒன்று மாநிலக் கட்சி அலுவலகத்தில், மூன்றாவது வெள்ளை மாளிகைக்கு. ரகசிய வாக்குரிமை உள்ள நாட்டில், யாருக்கு ஓட்டு என்று தலைவருக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் ஏற்பாடு. மக்கள் முகம் சுளித்தார்கள். எண்ணிட்டுக் கோப்பில் வைக்க வேண்டிய நிலைக்கு ஒரு கட்சியின் அன்பு வந்துவிட்டால், அங்கே அன்பு வற்றி வெகுநாள் ஆகியிருக்கும்.

1968 மார்ச் 12. ஜான்சனுக்கு 49 சதவீதத்துக்குச் சற்று மேல், மெக்கார்த்திக்கு 42. கணக்குப்படி அதிபருக்குத்தான் வெற்றி. ஆனால் ஜனவரி இறுதியில் வியட்நாமில் நடந்த டெட் தாக்குதலைப் பார்த்திருந்த நாடு அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. நான்கு நாள் கழித்து, மறுத்திருந்த கென்னடியும் களத்தில் குதித்தார். பனியில் நடந்த மாணவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. மார்ச் 31 இரவு ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றி, மீண்டும் நிற்கப்போவதில்லை என்றார்.

கட்சி ஒற்றுமை பேசுகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு பட்டியல் போடுவார்கள். 1912-இல் டாஃப்டை தியடோர் ரூஸ்வெல்ட் எதிர்த்தார், டாஃப்ட் தோற்றார். 1976-இல் ஃபோர்டை ரீகன் எதிர்த்தார், ஃபோர்ட் தோற்றார். 1980-இல் கார்ட்டர், 1992-இல் மூத்த புஷ். உள்ளிருந்து அடி வாங்கிய அதிபர் வெளியே வென்றதில்லை, ஆகவே எதிர்ப்பவன் கட்சியைக் கொல்கிறான் என்பது அவர்கள் வாதம். ஃபோர்ட் நிக்ஸனுக்கு மன்னிப்பு வழங்கியதையும், புஷ் வரி உயர்த்தமாட்டேன் என்ற வாக்கை மீறியதையும் இந்தப் பட்டியல் சொல்லாது. பலமாக இருக்கும் அதிபரை எதிர்த்து யாரும் பெரிய ஓட்டு வாங்கிவிட முடியாது. 42 சதவீதத்தை மெக்கார்த்தி உண்டாக்கவில்லை. அது அங்கே இருந்தது, வெளியே வர ஒரு பெயர் தேடிக்கொண்டிருந்தது.

தமிழ் மேடைகளில் தலைமுறை தலைமுறையாக ஒரு வழக்கு நடக்கிறது: கும்பகருணன் செய்தது சரியா, விபீடணன் செய்தது சரியா? அண்ணனோடு நின்று மடிந்தவன் உயர்ந்தவனா, அறத்தைத் தேடிப் போனவன் உயர்ந்தவனா? இரண்டு பக்கமும் கண்ணீர் வர வாதாடுவார்கள். அந்த வழக்கில் எல்லோரும் அவசரமாகக் கடந்துபோகும் ஒரு விஷயம் உண்டு. கம்பனின் இராவணன் அவையில், சீதையைக் கொண்டுவந்தது தவறு என்று இருவருமே அண்ணன் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அதைச் சொன்ன பிறகுதான் வழி பிரிந்தது. நின்றவனின் விசுவாசத்துக்கும் போனவனின் அறத்துக்கும் பெருமை அந்தச் சொல்லால் வந்தது. வாயே திறக்காமல் உடன் நின்றிருந்தால் கும்பகருணனைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? இலங்கையில் இல்லாத ஒரு வசதி அமெரிக்கக் கட்சிக்காரனுக்கு இருக்கிறது. எதிரணிக்குப் போகாமலே தலைவரை மறுக்கலாம்; மறுத்துத் தோற்ற பிறகு அவரோடு நின்று போரிடவும் செய்யலாம். இரண்டு தம்பிகளின் கடமையையும் ஒருவனே நிறைவேற்ற பிரைமரி இடம் தருகிறது. ஃபிலிப்ஸ் விலகிய நாளிலேயே பைடனை ஆதரித்தாரே, அதை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

இந்த இரண்டாம் பாதி சுலபமில்லை. மெக்கார்த்தி அதில் தவறினார். கட்சி ஹம்ஃப்ரியை வேட்பாளராக்கிய பிறகு இரண்டு மாதம் அவருக்கு ஒரு வார்த்தை ஆதரவு சொல்லவில்லை. சொன்னபோது அக்டோபர் 29. தேர்தலுக்கு ஒரு வாரம். அதையும் அரை மனதோடு சொன்னார். நவம்பரில் ஹம்ஃப்ரி தோற்றது ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில்.

ராபர்ட்டின் தம்பி எட்வர்ட் கென்னடிக்கு முதல் பாதியே சரியாக அமையவில்லை. 1979 நவம்பரில், கார்ட்டருக்கு எதிராக அறிவிக்கப்போகும் சமயத்தில், ரோஜர் மட் என்ற செய்தியாளர் தொலைக்காட்சிப் பேட்டியில் அவரைக் கேட்டார்: நீங்கள் ஏன் அதிபராக விரும்புகிறீர்கள்? கென்னடி திக்கினார், சுற்றி வளைத்தார். தேசிய மருத்துவக் காப்பீடு தொடங்கிக் கார்ட்டரோடு அவருக்கு உண்மையான கருத்து வேறுபாடுகள் இருந்தன. ஆனாலும் ஒரு நேரான வாக்கியம் வரவில்லை. தலைவரை எதிர்க்கத் துணிந்தவனிடம் காரணம் நாக்கு நுனியில் இருக்க வேண்டாமா? இல்லாவிட்டால், பதவி எனக்கு உரியது என்ற நினைப்பே காரணத்தின் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. மறு ஆகஸ்டில் நியூயார்க் மாநாட்டில், தோற்றுவிட்ட பிறகு, கென்னடி பேசிய பேச்சு அற்புதமானது. ஆனால் கடைசி இரவு மேடையில் கார்ட்டர் அவரோடு கைகோத்து உயர்த்தி நிற்கும் படத்துக்காகக் காத்திருக்க, கென்னடி கை குலுக்கிவிட்டு நகர்ந்துகொண்டே இருந்தார். பதவியில் இருக்கும் அதிபர் தம் கட்சிச் செனட்டரின் கைக்காக மேடையில் பின்னால் போவதை நாடு பார்த்தது. கார்ட்டர் நவம்பரில் வென்றது ஆறு மாநிலங்களையும் தலைநகரையும் மட்டும்தான். பணவீக்கமும் ஈரானில் பிணைக்கைதிகளும் இருக்க, அந்தக் கை உயர்ந்திருந்தாலும் அவர் தோற்றிருப்பார். ஆனாலும் அது உயர்ந்திருக்க வேண்டிய கை.

எதிர்ப்பதற்கு இருக்கும் வாசலையே மூடிவிடும் வழக்கமும் இப்போது வந்திருக்கிறது. 2020 தேர்தலுக்காகத் தென் கரோலினா, நெவாடா, கான்சஸ், அரிசோனா மாநிலங்களில் குடியரசுக் கட்சி தன் பிரைமரியை அல்லது காகஸ் கூட்டத்தை ரத்து செய்து, டிரம்ப்புக்குப் போட்டி இல்லாமல் பார்த்துக்கொண்டது. 2024-இல் ஃபுளோரிடாவில் ஜனநாயகக் கட்சி பைடன் பெயரை மட்டும் கொடுத்து, வாக்குப்பதிவே நடக்காமல் செய்தது. ஒன்றையொன்று கடுமையாக வெறுக்கும் இரண்டு கட்சிகளும் இந்த ஒன்றில் ஒத்துப்போனது எனக்குக் கவலை தருகிறது. தலைவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அவருக்கு உண்மை எட்ட இருந்த ஒரே நேர்வழியை அடைத்துவிட்டார்கள்.

ஹம்ஃப்ரிக்கு வருகிறேன். இந்த வரலாற்றில் என்னை அதிகம் வருத்துபவர் அவர். துணிவில்லாதவர் அல்லர். 1948 ஜூலையில், 37 வயதில், மினியாபொலிஸ் நகர மேயராக ஃபிலடெல்ஃபியா மாநாட்டு மேடையேறி, கறுப்பின மக்களின் உரிமைக்கான உறுதியான தீர்மானத்தைக் கட்சி ஏற்க வேண்டும் என்று பேசியவர். அதிபர் ட்ரூமனின் ஆட்கள் மிதமான தீர்மானமே போதும் என்றிருந்தார்கள். கட்சி உடையும் என்று எச்சரித்தார்கள். உடைந்தது; தென் மாநிலப் பிரதிநிதிகளில் ஒரு பகுதியினர் வெளிநடப்புச் செய்து தனி வேட்பாளரை நிறுத்தினார்கள். தீர்மானம் நிறைவேறியது. ட்ரூமனும் நவம்பரில் வென்றார். தலைமையை மறுத்துப் பேசியவரால் கட்சிக்கு அழிவு வரவில்லை என்பதை ஹம்ஃப்ரியைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை.

அதே மனிதர் துணை அதிபரான பிறகு, 1965 பிப்ரவரியில், வியட்நாம் போரை விரிவாக்குவது தவறு என்று ஜான்சனுக்கு ஒரு குறிப்பு எழுதினார். தனிப்பட்ட குறிப்பு, தெளிவான, தீர்க்கமான வாதம். ஜான்சனுக்கு ஆத்திரம். போர் பற்றிய ஆலோசனைக் கூட்டங்களுக்கு ஹம்ஃப்ரியை அழைப்பது நின்றது. ஓராண்டு வெளியே நிறுத்தப்பட்ட அவமானம் அவரை மாற்றியது. 1966-இல் வியட்நாம் போய்த் திரும்பியபோது போரின் உரத்த ஆதரவாளர்களில் ஒருவராகியிருந்தார். ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை, இனி உடன் நிற்பதே கடமை என்று அவர் தம்மைத் தேற்றிக்கொண்டிருக்கக்கூடும். பண்பட்ட மனிதர்கள் விழுவது இந்தப் பள்ளத்தில்தான். கும்பகருணன் தன் சம்மதமின்மையை ஒளிக்கவில்லை. அண்ணன் பக்கம் நின்றவன் எதை நம்புகிறான் என்பது அவைக்கே தெரியும். ஹம்ஃப்ரி எதை நம்பினார் என்பது நாட்டுக்குத் தெரியவில்லை.

1968 ஆகஸ்டில் சிகாகோ மாநாடு. ஜூன் மாதமே ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ஒரு பிரைமரியில்கூட நிற்காத ஹம்ஃப்ரியிடம் பிரதிநிதிகளின் பெரும்பான்மை இருந்தது. போர் பற்றிய தீர்மானத்தில் இரு தரப்பும் ஏற்கக்கூடிய ஒரு சமரச வாசகத்தை அவருடைய ஆட்கள் தயாரித்தார்கள். ஜான்சன் கூடாது என்றார். ஹம்ஃப்ரி பணிந்தார். வெளியே தெருவில் போலீஸார் இளைஞர்களை அடித்து நொறுக்கிக்கொண்டிருக்க, உள்ளே அவர் வேட்பாளரானார். செப்டம்பர் இறுதியில் காலப் கருத்துக்கணிப்பில் குடியரசுக் கட்சி வேட்பாளர் நிக்ஸனுக்கு 43, ஹம்ஃப்ரிக்கு 28.

செப்டம்பர் 30 அன்று சால்ட் லேக் சிட்டியில், தொலைக்காட்சி உரைக்காக அவர் நின்ற மேடையிலிருந்து துணை அதிபரின் முத்திரை அகற்றப்பட்டிருந்தது. உரை ஒளிபரப்பாவதற்குச் சற்று முன் ஜான்சனைத் தொலைபேசியில் அழைத்துத் தாம் சொல்லப்போவதைச் சொன்னார். அப்புறம் நாட்டுக்குச் சொன்னார்: அதிபரானால், அமைதிக்காக ஆபத்தை ஏற்று வடக்கு வியட்நாம் மீதான குண்டுவீச்சை நிறுத்துவேன் என்று. பெரிய மீறல் ஒன்றுமில்லை. எச்சரிக்கையோடு, நிபந்தனைகளோடு சொன்னதுதான். ஆனாலும் கூட்டங்களில் அவரை ஏசிக் கத்துவது குறைந்தது, வற்றிக் கிடந்த தேர்தல் நிதி வரத் தொடங்கியது, ஐந்தே வாரத்தில் 15 புள்ளி இடைவெளி ஏறக்குறைய மூடியது. முடிவு: நிக்ஸன் 43.4, ஹம்ஃப்ரி 42.7.

ஹம்ஃப்ரி வென்றிருந்தால் போர் உடனே நின்றிருக்கும் என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அந்த வார்த்தைகளை அவர் ஆகஸ்டில், சிகாகோவில், ஜான்சன் முகம் கறுக்கக் கறுக்கச் சொல்லியிருக்க முடியும் என்று சொல்லலாம்; 1948-இல் அதைவிடக் கடினமானதைச் சொன்ன வாய்தான் அது. அந்தத் தேர்தலுக்குப் பிறகும் போர் நான்காண்டுக்கு மேல் நீடித்தது. 20,000-க்கும் அதிகமான அமெரிக்கர்களும், அவர்களைவிடப் பல மடங்கு வியட்நாமியரும் அதில் மாண்டார்கள்.